பழைய பில்லியர்ட்ஸ் மேசை, கோல், பந்துகள்: மதிப்பைக் கணிக்கும் முறை

"நூறு வயதாவது இருக்கும். என்ன விலைக்குப் போகும்?" பழைய பில்லியர்ட்ஸ் மேசை கைக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கூடவே, தூரத்திலிருந்து எடுத்த ஒரு படமும் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தீர்களா? கால்களிலும் ஓரச் சட்டங்களிலும் ஒரே எண் குத்தியிருக்கிறதா?

கேட்டவருக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். ஆனால் மதிப்புக் கணிப்பு அங்கேதான் தொடங்குகிறது. வயது மட்டும் பெரிய விலை தருவதில்லை. 1880களில் செய்யப்பட்டு, ஓரச் சட்டங்கள் மாற்றப்பட்டு, கால்கள் வேறொன்றிலிருந்து ஒட்டவைக்கப்பட்ட மேசையைவிட, 1920களில் செய்யப்பட்டு ஒரு போல்ட் மூடிகூடத் தொலையாமல் நிற்கும் மேசைக்கு அதிகம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ஒன்றாகப் பிறந்த பாகங்களில் எத்தனை இன்றும் ஒன்றாக இருக்கின்றன என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது. மேசைக்கும், பந்தை அடிக்கும் கோலுக்கும், பந்துப் பெட்டிக்கும் இது பொருந்தும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் வழிகள்.

தொடங்குவதற்கு முன்: கையை வைக்காதீர்கள்

துடைக்க வேண்டாம், மெருகேற்ற வேண்டாம், கழற்றவும் வேண்டாம். பழைய ஷெல்லாக் (அரக்கு) பூச்சை ஈரத்துணியால் தேய்த்தால் வெள்ளை படரும். பித்தளைப் பெயர்ப்பட்டையைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில், அதில் பொறித்த எழுத்துகளைத் தேய்த்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய கோலின் நிறத்தை உப்புத்தாள் போட்டு எடுத்துவிட்டால் அது திரும்பி வராது. வறண்ட மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவது போதும்.

கழற்றுவதைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. நான் பார்க்கப் போன ஒரு வீட்டில், வீடு மாறும் அவசரத்தில் மேசையை ஏற்கெனவே பிரித்து அடுக்கியிருந்தார்கள். துணிக்கு அடியில் தளமாக இருக்கும் கனமான ஸ்லேட் கற்களை அவ்வளவு கவனமாகச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். ஓரச் சட்டத்து போல்ட்டுகளை மறைக்கும் பூ வடிவ உலோக மூடிகளை மட்டும் பழைய ஆணிகளோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அந்தக் கற்களுக்கு மாற்று கிடைக்கும். அந்த மூடிகளுக்கு அதே வார்ப்பில் மாற்றுத் தேட மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது.

முதல் படி: எந்த மதிப்பு வேண்டும்?

ஒரே மேசைக்கு நான்கு விலை இருக்கலாம், நான்கும் உண்மையாகவும் இருக்கலாம். அவசரமில்லாத விற்பவரும் விவரம் தெரிந்த வாங்குபவரும் ஒத்துக்கொள்ளும் விலை சந்தை மதிப்பு. எரிந்துபோனால் அதற்கு இணையான, புதுப்பித்த ஒன்றை வாங்கிப் பொருத்த ஆகும் செலவு காப்பீட்டு மதிப்பு. இது நான்கிலும் உயர்ந்ததாக இருக்கும். ஏலத்தில் சுத்தியல் விழும் விலை இன்னொன்று. வணிகர் உங்களிடமிருந்து எடுக்கும் விலை பெரும்பாலும் இவற்றில் தாழ்ந்தது. சகோதரர்களுக்குள் சொத்துப் பிரிக்கும்போது ஒருவர் காப்பீட்டு மதிப்பையும் இன்னொருவர் வணிகர் சொன்ன விலையையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் சண்டைதான் மிஞ்சும். எதற்காகக் கணிக்கிறோம் என்பதைத் தாளின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அளவு, படம், குறிப்பு

மேசையின் வெளி அளவை மட்டும் எடுத்தால் போதாது. ஆடுதளத்தின் அளவு முக்கியம்: ஒரு பக்கக் குஷனின் (பந்து மோதித் திரும்பும் ரப்பர் ஓரம்) மூக்கிலிருந்து எதிர்ப்பக்கக் குஷனின் மூக்கு வரை. ஒன்பது அடி அமெரிக்க மேசையில் இது 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். ஆங்கில முழு அளவு மேசை பன்னிரண்டு அடிக்கு ஆறடி என்ற கணக்கில் வரும். பெரும்பாலும் எட்டுக் கால்களும் ஐந்து துண்டுக் கல்லும் இருக்கும். பந்து விழும் பைகள் இல்லாத, ஐந்துக்குப் பத்து அடி மேசை என்றால் அது, பந்தைப் பந்தோடு மோதவிட்டு ஆடும் கேரம் வகை பில்லியர்ட்ஸுக்கானது. நீளம் அகலத்தின் ஏறத்தாழ இரு மடங்காக வராவிட்டால் எச்சரிக்கையாக இருங்கள். யாரோ அறைக்கு ஏற்றபடி மேசையை வெட்டியிருக்கக்கூடும். பத்தடி மேசையை எட்டடியாக வெட்டுவது ஒரு காலத்தில் வழக்கமாகவே நடந்தது. வெட்டப்பட்ட மேசையைச் சேகரிப்பாளர்கள் தொடத் தயங்குவார்கள்.

படங்களில் அழகைவிட விவரம் தேவை. ஒவ்வொரு காலையும் தனியாக, ஓரச் சட்டங்களின் அடிப்பக்கம், பைகளின் உலோக வளையம், பெயர்ப்பட்டை, மரத்தில் பதித்த வேலைப்பாடு, கல்லின் விளிம்பு, விரிசல், கறை எல்லாவற்றையும் எடுங்கள். குறைகளை மறைக்காமல் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் விவரம் தெரிந்தவர் உங்களை நம்பத் தொடங்குவார்.

மூன்றாம் படி: செய்தவர் யார், எந்தக் காலம்?

பெயர்ப்பட்டை இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதை எப்படி வாசிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஜான் மோசஸ் பிரன்ஸ்விக் 1845இல் சின்சினாட்டியில் தொடங்கிய நிறுவனம், போட்டியாளர்களை இணைத்துக்கொண்டு 1884இல் 'பிரன்ஸ்விக்-பால்க்-கொலெண்டர்' ஆனது. 1960இல் அந்தப் பெயர் 'பிரன்ஸ்விக் கார்ப்பரேஷன்' என்று மாறியது. ஆகவே மூன்று பெயர்களும் உள்ள பட்டை, அந்த 76 ஆண்டுகளுக்குள் மேசையை நிறுத்துகிறது. அமெரிக்காவில் அதற்கு முன் பெரிய பெயர் மைக்கேல் ஃபெலன். அவர் கொலெண்டரோடு சேர்ந்து நடத்திய நிறுவனத்தின் மேசைகள் இன்று அரியவை. அந்தக் காலத்து அமெரிக்க மேசைகளில் ஆறுக்குப் பதில் நான்கு பைகள் மட்டுமே இருப்பதைக் காணலாம். நான்கு பந்து ஆட்டம் கோலோச்சிய காலத்தின் அடையாளம் அது. பை குறைகிறதே என்று அதைக் குறையாக எண்ணிவிடக் கூடாது.

ஆங்கில மேசைகளில் தர்ஸ்டன், பரோஸ் அண்ட் வாட்ஸ், ஜார்ஜ் ரைட், காக்ஸ் அண்ட் யேமன், ஓர்ம், ரைலி ஆகிய பெயர்கள் அடிக்கடி வரும். தர்ஸ்டன் 1799இல் தொடங்கியது. இந்த விளையாட்டின் உருவத்தையே மாற்றியது. 1826இல் மரத் தளத்துக்குப் பதிலாக ஸ்லேட் கல்லைப் போட்டவர் ஜான் தர்ஸ்டன். 1835இல் ரப்பர் குஷன்கள் வந்தன. குளிரில் அந்த ரப்பர் கல்லாகிவிடும் என்பதால் வெந்நீர்த் தட்டுகளை வைத்துச் சூடாக்கி ஆடினார்களாம். வல்கனைஸ் செய்த (கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கிய) ரப்பர் 1845இல் வந்தபிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. மரத் தளத்தோடு ஒரு மேசை கிடைத்தால், அது கல் வருவதற்கு முந்தையதா, பிற்காலத்தில் மலிவாகச் செய்த சிறுவர் மேசையா என்பதைச் சட்டத்தின் கனத்தையும் மூட்டுகளையும் வைத்துப் பிரித்தறிய வேண்டும்.

தேதி கணிப்பதில் நான் விடாமல் பின்பற்றும் விதி ஒன்று உண்டு. பொருளில் காணும் எந்த ஆண்டும் 'இதற்கு முன் இல்லை' என்றுதான் சொல்லும். காப்புரிமை ஆண்டு 1890 என்று பட்டையில் இருந்தால், மேசை 1890இல் செய்யப்பட்டது என்று பொருளில்லை. 1905இலும் அதே பட்டையை அடித்திருப்பார்கள். நிறுவனம் தொடங்கிய ஆண்டைத் தயாரிப்பு ஆண்டாக எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள். பட்டை பின்னால் ஒட்டப்பட்டதாகவும் இருக்கலாம். திருகுகளைச் சுற்றியுள்ள மரத்தின் நிறம் பட்டைக்கு வெளியே உள்ள நிறத்தோடு பொருந்துகிறதா, பயன்படாத துளைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

பட்டையே இல்லாவிட்டால் நிறுவனங்கள் வெளியிட்ட பழைய விலைப்பட்டியல்களின் படங்களோடு கால்களையும் சட்டத்தின் வளைவுகளையும் ஒப்பிட வேண்டும். வார்ப்பிரும்பில் செய்த சிங்கங்களே கால்களாக நிற்கும் பிரன்ஸ்விக்கின் 'மொனார்க்' போன்ற மாதிரிகளை ஒரே பார்வையில் கண்டுகொள்ளலாம். அவ்வளவு புகழ் பெற்றது என்பதாலேயே அதைப் போல நகல்களும் செய்யப்பட்டிருக்கின்றன. அதே நிறுவனத்தின் 1961இல் வந்த 'கோல்ட் கிரவுன்' மேசை மரபுப்படி தொன்மையானது ஆகாது. ஆனாலும் அதைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

நான்காம் படி: கூடப் பிறந்தவை எவை, வந்து சேர்ந்தவை எவை?

இதற்கு ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்குங்கள். கைவிளக்கு ஒன்றும் சிறு கண்ணாடி ஒன்றும் போதும்.

பழைய தச்சர்கள் ஒரு மேசையின் பாகங்களை இன்னொன்றோடு மாற்றிவிடாமல் இருக்க அடையாளம் இட்டார்கள். ஓரச் சட்டங்களின் அடிப்பக்கத்திலும், கால்களின் உச்சியிலும், கல் விளிம்பிலும் ஒரே வரிசை எண் குத்தியிருக்கும். மூட்டுகளில் உளியால் வெட்டிய ரோமன் எண்கள் இருக்கலாம்: மூன்றாம் சட்டத்தில் மூன்று கோடு, அது சேரும் இடத்திலும் மூன்று கோடு. எண்கள் ஒத்துப்போனால் எழுதி, படம் எடுங்கள். ஒன்று மட்டும் மாறினால், அந்தப் பாகம் எப்போதோ மாற்றப்பட்டது. அதனால் மேசை வீணாகிவிடாது. ஆனால் அதை மறைத்து விற்றால் விற்பவரின் பெயர்தான் வீணாகும்.

எண் இல்லாத இடத்தில் மரம் பேசும். மஹோகனி, ஈட்டி, வால்நட், ஓக் என்று எந்த மரமானாலும் வெளிச்சத்தில் நிறம் மாறும். எல்லாச் சட்டங்களிலும் இழை ஓட்டமும் நிற மாற்றமும் ஒரே போக்கில் இருக்க வேண்டும். வெனீர், அதாவது மேலே ஒட்டும் மரப் படலம், உள்ள இடத்தில் விளிம்பைப் பாருங்கள்: பழைய வெனீர் தடித்ததாக இருக்கும், பிற்கால வெனீர் தாள் போல மெல்லியதாக இருக்கும். பதிப்பு வேலைப்பாட்டில் ஒரு துண்டு மட்டும் கூர்மையாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால், அது புதுத் துண்டு. ஓரச் சட்டத்தில் குறி வைப்பதற்காகப் பதித்த புள்ளிகளையும் பாருங்கள். முத்துச்சிப்பியோ தந்தமோ இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வைத்திருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது.

மாற்றியிருந்தாலும் விலையைக் குறைக்காதவை சில உண்டு. துணி, குஷன் ரப்பர், பையின் தோல் வலை ஆகியவை தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்டவை. நூறாண்டு பழைய துணியோடு மேசை இருக்கிறது என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. வாங்குபவர் அதைக் கிழித்துப் புதுத் துணிதான் போடப் போகிறார். கல் வேறு தளத்தில் நிற்கிறது. மூலக் கல் இருப்பது நல்லது. அளவும் தடிமனும் பொருந்திய மாற்றுக் கல் போட்டிருந்தால் ஓரளவு குறையும். துளைகளுக்கு அருகே ஓடும் விரிசல் அல்லது பை வாயில் உடைந்த மூலை இருந்தால் அதிகம் குறையும்.

ஐந்தாம் படி: நிலைமையைச் சொல்வது

'நல்ல நிலையில் உள்ளது' என்ற சொற்களுக்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். சட்டம் வளைந்திருக்கிறதா, பூச்சி அரித்த துளைகள் உண்டா, அவை பழையவையா, துளையிலிருந்து இன்னும் மாவு கொட்டுகிறதா? ஈரத்தில் நின்றதால் வெனீர் குமிழ்த்திருக்கிறதா? மூலப் பூச்சு எங்கே மிஞ்சியிருக்கிறது?

புதுப்பித்தலைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவியிருக்கிறது. பழம்பொருள் என்றாலே எதையும் தொடக்கூடாது, புதுப்பித்தால் மதிப்பு போய்விடும் என்கிறார்கள். நாற்காலிக்கும் அலமாரிக்கும் அது சரியாக இருக்கலாம். பில்லியர்ட்ஸ் மேசை ஆடுவதற்காக வாங்கப்படுவது. கைதேர்ந்தவர் மூலப் பாகங்களைக் காத்து, முறைப்படி புதுப்பித்த மேசை, புதுப்பிக்காததைவிட அதிக விலை பெறுவதே வழக்கம். கெடுப்பது மோசமான புதுப்பிப்பு: பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வார்னிஷ் பூசிய கால்கள், அரத்தால் தேய்த்துக் கூர் மழுங்கிய செதுக்கு வேலை, அழகுக்காக மாற்றிய உலோகப் பாகங்கள். விற்பதற்கு முன் நீங்களே செலவு செய்து புதுப்பிக்க வேண்டாம் என்பேன். வாங்குபவர் தமக்குப் பிடித்த கைவினைஞரிடம் கொடுக்கவே விரும்புவார்.

ஆறாம் படி: கோல்கள்

கோலின் உலகம் தனி. எடுத்துச் செல்ல எளிது, அறை தேவையில்லை. அதனால் சிறு கோல் ஒன்று பெரிய மேசையைவிட விலை போவதும் உண்டு.

பழைய ஆங்கிலக் கோல்கள் ஒரே துண்டாக இருக்கும். முன்பகுதி ஆஷ் அல்லது மேப்பிள், பிடிப்பகுதி கருங்காலி போன்ற கனமான மரம். இரண்டும் சேரும் இடத்து நாக்குகளைப் பாருங்கள். கையால் இணைத்தவற்றில் நாக்கு நுனிகள் வளைந்து உருண்டிருக்கும். இயந்திரத்தில் இணைத்தவற்றில் ஊசிபோல் கூராக இருக்கும். அடியில் உள்ள பட்டையில் அந்தக் கால வீரரின் பெயரோ கையெழுத்தோ சாதனை எண்ணிக்கையோ பொறித்திருக்கலாம். அந்த எண்ணே காலத்தைச் சொல்லிவிடும். ஆஸ்திரேலிய பில்லியர்ட்ஸ் வீரர் வால்டர் லின்ட்ரம் ஒரே தொடர் ஆட்டத்தில் 4,137 புள்ளிகள் எடுத்தது 1932இல். அந்த எண்ணைத் தாங்கிய பட்டை அதற்கு முன் இருக்க முடியாது. ஆங்கிலேய வீரர் ஜோ டேவிஸ், வண்ணப் பந்துகளைப் பைகளில் தள்ளும் ஸ்னூக்கர் ஆட்டத்தில் உச்சப் புள்ளியான 147 எடுத்தது 1955இல். ஆனால் பட்டையில் பெயர் இருப்பதால் அந்த வீரர் அதைத் தொட்டார் என்று ஆகிவிடாது. இவை பல்லாயிரக்கணக்கானோர் வாங்கும்படி கடைகளில் விற்ற கோல்கள்.

அமெரிக்கக் கோல்களில் முதலில் வரும் பெயர் ஜார்ஜ் பலபுஷ்கா. 1959இல் கோல் செய்யத் தொடங்கி 1975இல் இறந்தார். அவர் கையில் உருவானவை சற்றேறக்குறைய ஆயிரம் இருக்கும் என்கிறார்கள். பிடிக்கு மேலுள்ள முன்கைப் பகுதிக்கு பிரன்ஸ்விக்கின் 'டைட்லிஸ்ட்' கோல்களையும், பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி போன்றோர் செய்த பகுதிகளையும் பயன்படுத்தினார். ஆகவே அவருடையது என்று சொல்லப்படும் கோலைப் பார்க்கும்போது, எந்தக் காலத்தில் யாருடைய முன்கையை அவர் பயன்படுத்தினார் என்ற வரிசையோடு கோல் பொருந்துகிறதா என்று சோதிப்பார்கள். போலிகள் அதிகம். கையெழுத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது; முதலில் வாங்கியவரிடமிருந்து இன்றுவரை கைமாறிய வரலாறு வேண்டும். ஹெர்மன் ராம்போ, ஹார்வி மார்ட்டின் ஆகியோரின் கோல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எந்தக் கோலானாலும், நீளம் குறைக்கப்பட்டிருக்கிறதா, இரு துண்டுக் கோலானால் மூல முன்தண்டு உடன் இருக்கிறதா, நூல் சுற்று மாற்றப்பட்டதா, தண்டு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். மேசையில் உருட்டிப் பார்த்து நேராக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். கண்ணருகே வைத்து நீளவாக்கில் பார்த்துச் சுற்றுங்கள். நுனித் தோல் யாருக்கும் பொருட்டல்ல. அது மாற்றவேண்டிய பொருள்.

ஏழாம் படி: பந்துகள்

அதிகத் தவறுகளும் சட்டச் சிக்கலும் நேர்வது பந்துகளில்தான்.

மூன்று பொருள்களைப் பிரித்தறியுங்கள்: தந்தம், ஆரம்பகால பிளாஸ்டிக்கான செல்லுலாய்ட், பிற்கால ரெசின் (செயற்கைப் பிசின்) வகைகள். தந்தப் பந்தை உருட்டிப் பார்த்தால், எதிரெதிர் முனைகளில் நரம்பு ஓடிய இடம் சிறு புள்ளியாகத் தெரியும். அதைச் சுற்றி வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டும் வலை போன்ற கோலம் இருக்கும். பக்கவாட்டில் நீள இழைகள் தெரியும். செல்லுலாய்டில் இழையைப் போலியாகச் செய்திருந்தால் கோடுகள் ஒரே இடைவெளியில், மிக ஒழுங்காக ஓடும். இன்னொரு நல்ல சோதனைக்கு, விட்டம் அளக்கும் காலிப்பர் ஒன்று போதும். தந்தம் காலப்போக்கில் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. பல திசைகளில் விட்டம் எடுத்து, வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால் தந்தமாக இருக்க வாய்ப்பு கூடுகிறது.

சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைச் செய்யவே வேண்டாம். தந்தமாக இருந்தால் வடு விழும். செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடிக்கும். விரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் செல்லுலாய்டில் கற்பூர மணம் வரக்கூடும், அது போதும். தந்தப் பந்துகளின் தட்டுப்பாட்டால் 1860களில் மாற்றுப் பொருளுக்கு 10,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்தத் தூண்டுதலில் உழைத்த ஜான் வெஸ்லி ஹயட் 1870இல் செல்லுலாய்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே ஆரம்பகால செல்லுலாய்ட் பந்துகள் பிளாஸ்டிக்கின் வரலாற்றிலேயே இடம் பெறுபவை. 'வெறும் பிளாஸ்டிக்' என்று ஒதுக்காதீர்கள். ஆனால் சிதையும் செல்லுலாய்ட் அமிலப் புகையை வெளியிட்டு, பக்கத்தில் உள்ள உலோகத்தையும் தோலையும் அரிக்கும். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் வலைபோல் பரவியிருந்தால், அந்தப் பந்துகளைக் காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள்.

வண்ணப் பந்துத் தொகுதியில் காலக் கணிப்புக்கு ஒரு பிடி உண்டு: ஸ்னூக்கர் ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரிகளிடையே பிறந்தது. அதற்கு முந்தைய ஸ்னூக்கர் தொகுதி என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். எந்தத் தொகுதியும் முழுமையாக, மூலப் பெட்டியோடு இருந்தால்தான் நல்ல விலை. பதினாறு பந்துத் தொகுதியில் ஒன்றின் எண் மட்டும் வேறு எழுத்து வடிவில் இருந்தால், தொகுதி உடைந்ததாகவே கருதப்படும்.

இப்போது சட்டம். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் தடை 1990 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆசிய யானைக்கு அதற்கும் முன்பே. அமெரிக்கா 2016இல் உள்நாட்டு வணிகத்தையும் கடுமையாகச் சுருக்கியது. பிரிட்டன் 2018இல் இயற்றிய சட்டம் 2022 ஜூனிலிருந்து அமலில் இருக்கிறது. அதன் விலக்குகள் மிகக் குறுகியவை. தந்தப் பந்துகள் முழுவதும் தந்தம் என்பதால், சிறு அளவுக்கான விலக்குகளும் அவற்றைக் காப்பாற்றாது. கோலில் உள்ள தந்த வளையம், மேசையில் பதித்த புள்ளிகள் ஆகியவையும் எல்லை தாண்டும்போது கேள்விக்கு உள்ளாகும். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரமும் 1992 முதல் இதே உடன்படிக்கையின் கடுமையான பட்டியலில் இருக்கிறது. சட்டப்படி விற்க முடியாத பொருளுக்குச் சந்தை மதிப்பு எழுதக் கூடாது. யானைகள் கொல்லப்பட்டதன் மிச்சம் அது என்பதை நினைத்தால், அந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

எட்டாம் படி: சிறு பொருள்கள்

மேசையைச் சுற்றியிருந்த சிறு பொருள்கள்தான் முதலில் தூக்கி எறியப்படுகின்றன. சுவரில் மாட்டிய புள்ளிப் பலகை, கோல் நிறுத்தி, உயரமான நாற்காலிகள், துணியைத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி, குறுக்குக்கட்டை நுனி கொண்ட தாங்குகோல்கள், எண் பொறித்த சிறு குண்டுகளைக் குலுக்கும் தோல் குடுவை, விளக்குகள். மேசையும் கோல் நிறுத்தியும் புள்ளிப் பலகையும் ஒரே நிறுவனத்தின் ஒரே மரத்தில் இருந்தால், மூன்றின் தனித்தனி விலையைக் கூட்டிக் கிடைப்பதைவிட அதிகம் பெறும். கோல் நுனியில் தேய்க்கும் சாக்கட்டியின் பெட்டிகளைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். வில்லியம் ஸ்பிங்க்ஸும் வில்லியம் ஹாஸ்கின்ஸும் 1897இல் காப்புரிமை பெற்ற நவீன சாக்கட்டியின் பழைய பெட்டிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வண்ணக் கண்ணாடி விளக்குகளில் மட்டும் உற்சாகத்தைக் கட்டுப்படுத்துங்கள். பெரும்பாலானவை பிற்காலப் பிரதிகள்.

ஒன்பதாம் படி: ஒப்பிட்டுக் கணக்குப் போடுதல்

கேட்கும் விலையை ஒதுக்கிவிட்டு, விற்ற விலையை மட்டும் எடுங்கள். இரண்டாண்டுகளாக விற்காமல் கிடக்கும் மேசையின் விளம்பர விலை, அது அந்த விலைக்குப் போகாது என்பதற்கே சான்று. ஏல முடிவுகளைப் பார்க்கும்போது, அந்தத் தொகையில் வாங்குபவர் செலுத்தும் ஏலக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரே மாதிரி, ஒரே அளவு, ஒரே நிலையில் உள்ள குறைந்தது மூன்று விற்பனைகளாவது வேண்டும். புதுப்பித்த மேசையின் விலையைப் புதுப்பிக்காத மேசைக்கு வைப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு.

அதைத் தவிர்க்க ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக மட்டும். உங்கள் மேசையின் இணை, புதுப்பித்துப் பொருத்திய நிலையில் 100 பங்கு விலைக்கு விற்றது என்று கொள்வோம். புதுப்பிக்க 35 பங்கு. பிரித்து, ஏற்றி, இறக்கி, மட்டம் பார்த்துப் பொருத்த 15 பங்கு. வணிகரின் இடவாடகை, காத்திருப்பு, ஆதாயம் சேர்த்து 25 பங்கு. மிஞ்சுவது 25. வணிகர் உங்கள் மேசையை 25 பங்குக்குக் கேட்டால் அவர் ஏமாற்றுகிறார் என்று எண்ண வேண்டாம். நேரடியாக ஆடுபவருக்கே விற்றால், வணிகரின் ஆதாயப் பங்கில் ஒரு பகுதி உங்களுக்கு வரும். அதற்குப் பொறுமை வேண்டும்.

இடமும் விலையைத் தீர்மானிக்கிறது. முழு அளவு ஆங்கில மேசை ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். கோல் வீச நான்கு பக்கமும் இடம் வேண்டும். அப்படிப்பட்ட அறை உள்ளவர்கள் சிலரே என்பதால், மாளிகையில் நின்ற கம்பீரமான பன்னிரண்டு அடி மேசை சில சமயம் வியக்கத்தக்க குறைந்த விலைக்குப் போகிறது. பலகை போட்டால் உணவு மேசையாக மாறும் சிறிய ரைலி மேசைகளுக்கு வாங்குபவர்கள் எளிதில் கிடைப்பார்கள். மனம் வருந்துகிறது, ஆனால் கணக்கில் அதைச் சேர்த்தே ஆக வேண்டும்.

யாருடைய வீட்டில் நின்றது என்ற கதைக்கும் விலை உண்டு. பழைய ரசீது, தேதியோடு கூடிய புகைப்படம், பொருத்தியவரின் கடிதம் ஆகியவை இருந்தால் மட்டும். வாய்வழிக் கதையை எழுதி வைக்கலாம். விலையில் சேர்க்கக் கூடாது.

பத்தாம் படி: கணிப்பாளரும் தாளும்

காப்பீடு, வரி, பாகப்பிரிவினை என்றால் தொழில்முறைக் கணிப்பாளர் வேண்டும். பழைய மரச்சாமான் தெரிந்தவர் என்பது போதாது. எத்தனை பில்லியர்ட்ஸ் மேசைகளைக் கணித்திருக்கிறார் என்று கேளுங்கள். மதிப்பில் இத்தனை விழுக்காடு கட்டணம் என்பவரையும், கணித்த கையோடு தானே வாங்கிக்கொள்கிறேன் என்பவரையும் தவிர்த்துவிடுங்கள். எழுத்தில் கிடைக்கும் அறிக்கையில் எந்த வகை மதிப்பு, எந்தத் தேதி, எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டது, எந்தப் பாகங்கள் மூலம், எவை மாற்று என்பவை இருக்க வேண்டும். சந்தை மாறுவதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த அறிக்கையின் நகலையும், வரிசை எண்களின் படங்களையும், உங்கள் காலத்தில் எப்போது துணி மாற்றினீர்கள், எந்தப் பாகத்தை யார் சரிசெய்தார் என்ற குறிப்பையும் ஓர் உறையிலிட்டு மேசைச் சட்டத்தின் உட்புறத்தில் பொருத்திவையுங்கள். அடுத்து அதைப் பிரிக்கப் போகிறவர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.